உயர்வைக் கேட்பதும் உரிமையே

வேலை தேடிச் செல்லும் இளைஞன் சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் அதை நியாயமென்று ஏற்றுக்கொள்ளும் நம் சமுதாயம், ஐந்தாண்டுகள் சென்றபின் தான் எந்த நிலையில் இருப்பேன் என்று அவன் கேட்டால் முகம் சுளிக்கிறது. 'வேலையே கிடைக்கவில்லை, அதற்குள் பதவி உயர்வா?' என்ற ஏளனம் முதலாளியின் வாயிலிருந்து மட்டுமா வருகிறது? பெற்றோரும் அதையே சொல்கின்றனர். ஆசிரியர்களிற் பலரும் அதையே சொல்கின்றனர்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பாடசாலையொன்றிற் பல ஆண்டுகளாகக் கற்பிப்பவன் நான். உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழகம் கிட்டாமல் தொழில் தேடும் பிள்ளைகள் நேர்முகப் பரீட்சைக்கு முதல்நாள் என்னிடம் வருவதுண்டு. "சேர், பதவி உயர்வைப் பற்றி நாங்கள் கேட்கலாமா?" என்பது அவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கும் வினா. துணிந்து கேள் என்பதே என் விடை.

அவ்வாறு கேட்ட ஒருவனுக்கு நேர்ந்ததையும் சொல்லிவிடுகிறேன். சரக்குக் களஞ்சியமொன்றில் எழுதுவினைஞர் வேலை. முகாமையாளர் சிரித்துக்கொண்டே, "முதலில் வேலையைச் செய்யும், தம்பி. மற்றதெல்லாம் தானாக வரும்" என்றாராம். பையன் சேர்ந்தான். நான்கு ஆண்டுகள் சென்றன. அவனிடம் வேலை பழகிய ஒருவர் அவனுக்கே மேலதிகாரியானார். முகாமையாளர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அவர் சொன்ன சொல்லும் அவரோடு போயிற்று. தானாக வருமென்றது வரவேயில்லை.

இதை ஒருவனுடைய தலைவிதி என்று ஒதுக்கிவிடலாமா? எங்கள் துறைமுகத்தின் வரலாற்றைப் பாருங்கள். பிரித்தானியக் கடற்படை இங்கு தளம் வைத்திருந்த காலத்தில் நகரத்தின் பல குடும்பங்கள் அத்தளத்தை நம்பியே அடுப்பெரித்தன. 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. நாட்டின் தன்மானத்துக்கு அது வெற்றி என்பதில் ஐயமில்லை. ஆயினும், அங்கே உழைத்தவனுடைய நாளைய தினம் அவனில்லாத அறைகளில்தான் முடிவாயிற்று. சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்கள் தொண்ணூற்றொன்பதையும் பங்கிட்டு 2022 ஜனவரியில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. கூட்டு நிறுவனத்துக்கு 61, இந்திய நிறுவனத்துக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24 என்ற கணக்கு எங்கள் தேநீர்க்கடைகளில் மனப்பாடம். அக்குதங்களில் வேலைக்குச் சேரும் கிண்ணியாப் பையன் பத்தாண்டில் என்ன ஆவான் என்ற பேச்சை அங்கே நான் கேட்டதில்லை.

அரசாங்க உத்தியோகமாயின் இத்தொல்லை இல்லை, படிகள் எழுத்தில் உள்ளன என்பர். அப்படிகளும் இடையிற் பிடுங்கப்பட்டதை நாம் மறக்கலாகாது. 1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தைத் தொடர்ந்து, சிங்களத் தேர்ச்சி பெறாத அரசாங்க ஊழியரின் சம்பள ஏற்றத்தை நிறுத்தத் திறைசேரி 1961இற் சுற்றுநிருபம் அனுப்பியது. கோடீஸ்வரன் என்ற தமிழ் எழுதுவினைஞர் அப்பரீட்சைக்குத் தோற்ற மறுத்தார். 1962இல் அவருடைய ஏற்றம் நிறுத்தப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1964இற் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. அரச ஊழியன் சம்பளத்துக்காக வழக்காட முடியாதென்று 1967இல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. முடியும் என்று 1969இல் லண்டன் பிரிவி கவுன்சில் கூறிற்று. மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலவினா மட்டும் இறுதிவரை விடை காணவில்லை. எனினும் ஒன்று துலங்கியது: சம்பள ஏற்றம் எசமானின் தயவன்று, வழக்காடத்தக்க உரிமை. அவர் வழக்காட முடிந்தது எதனால்? அவருடைய சம்பளப் படி எழுத்தில் இருந்ததனால்.

தனியார் நிறுவனங்களிலும் அந்த எழுத்தைக் கேட்க நமக்கு வழியுண்டு. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம், வேலைக்கு அமர்த்தும் நாளிலேயே நிபந்தனைகளை எழுத்திற் கொடுக்கவேண்டுமென்று விதிக்கிறது. பதவியின் தரம், சம்பளப் படி, வேலை நேரம், விடுமுறை, சேமலாப நிதி ஆகியவற்றோடு, பதவி உயர்வுக்கான வாய்ப்பும் அவ்விதிகளின் பட்டியலில் இருக்கிறது. எந்த வினாவை அதிகப்பிரசங்கித்தனம் என்று நாம் பிள்ளைகளின் வாயை அடைக்கிறோமோ, அதற்கு விடையளிப்பது முதலாளியின் கடமையென்று சட்டம் எழுதி எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன!

சிறு நிறுவனத்தார் எதிர்காலத்துக்கு எப்படி வாக்குக் கொடுப்பது என்று ஒருவர் கேட்கலாம். வாக்குறுதியை யார் கேட்டார்கள்? விதி என்னவென்றுதான் கேட்கிறோம். தகுதிகாண் காலம் எத்தனை மாதம்? அதன் முடிவில் நிரந்தரமாக்குவது யார், எந்த அளவுகோலால்? ஏற்றம் ஆண்டுதோறும் உண்டா? இதே வேலையிற் சேர்ந்த முன்னையவர் இன்று எங்கே இருக்கிறார்? மேல்நிலைக்கு வேண்டிய பயிற்சியின் செலவை ஏற்பவர் யார்? இவற்றைப் பணிவாகக் கேளுங்கள். கிடைக்கும் விடை நியமனக் கடிதத்தில் இடம்பெறுமா என்று இறுதியிற் கேளுங்கள். வாயாற் சொல்ல இனிக்கும் விடை எழுதக் கசக்குமாயின், அதன் பெறுமதி அப்போதே விளங்கிவிடும்.

ஆனால் இச்சட்டம் கடைகளுக்கும் அலுவலகங்களுக்குமே உரியது. இறங்குதுறையில் மூட்டை சுமப்பவனுக்கும், ஆள்வழங்கும் ஒப்பந்தக்காரனால் ஆலைக்கு அனுப்பப்படுபவனுக்கும் நேர்முகப் பரீட்சையே கிடையாது. ஆலை அவனைத் தன் ஊழியன் என்பதில்லை. ஒப்பந்தக்காரனிடம் உயர்த்துவதற்குப் பதவியுமில்லை. அவன் யாரிடம் போய்க் கேட்பான்? மேசைக்கு அப்பால் தனியாக நிற்பவன் கேட்டால், "வேண்டாமென்றால் போம், வெளியே நூறு பேர் நிற்கிறார்கள்" என்று சொல்வது எளிது. அந்த நூறு பேரும் சங்கமாகச் சேர்ந்து அதே கேள்வியைக் கேட்டால் அப்படிச் சொல்ல முடியாது.

ஆசிரிய நண்பர்களே, நேர்முகப் பரீட்சைக்குக் கழுத்துப்பட்டி கட்டவும் கைகுலுக்கவும் பிள்ளைகளுக்குப் பழக்குகிறோம். நியமனக் கடிதத்தை வாசிக்கவும் பழக்குவோம். மாணவத் தோழர்களே, கையொப்பமிடுமுன் அதில் இல்லாதது எதுவென்று பாருங்கள். உங்களுக்குக் கிடைத்த விடையை, கேட்பதற்கே இடமில்லாத இறங்குதுறைத் தோழனுக்கும் பெற்றுக்கொடுக்கச் சங்கத்திற் சேருங்கள்.