கல் சொல்லாத ரகசியம்

காட்டுமன்னார்கோவில் பக்கம் போனால், உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் கல்வெட்டை அவசியம் பாருங்கள் சார்!

ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்கள் அதில் இருக்கின்றன. ராஜராஜனின் 2-ம் ஆட்சியாண்டு உத்தரவு. சொந்தபந்தங்களின் சொத்தும் பறிமுதல்! பெண் கொடுத்த மாமனாரையும் விடவில்லை. பாவம், அவர் என்ன செய்தார்? படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஆனால், ஏவிவிட்டது யார்? கல் வாயே திறக்கவில்லை. நம்ம ஆபீஸ்லயும் மெமோ வரும்; போட்டுக் கொடுத்தது யாருன்னு வராதே!

அந்த மௌனத்தில்தான் கல்கி 1950-ல் 'பொன்னியின் செல்வன்' தொடங்கினார். ஐந்து பாகம் எழுதியும், கொலையாளி இவர்தான் என்று அவரும் அடித்துச் சொல்லவில்லை. அதனால்தான் டீக்கடை பெஞ்சில் இன்னமும் விசாரணைக் கமிஷன் நடக்கிறது!