பிறைக்குக் காத்திருக்கும் நிரல்



நம் மத்ரஸாவின் இணையப் பக்கத்தில் பாட நேரங்களுடன் ஹிஜ்ரி தேதியும் இடம்பெறும். கணினிப் படிப்பு முடித்த நம் பழைய மாணவர் ஒருவர் அதை அமைத்துத் தந்தார். ஒரு முஹர்ரம் மாதத்தில் அந்தத் தேதியை நம்பி, ஆஷூரா நோன்புக்கான அறிவிப்பை எழுதிப் பெற்றோர் அனைவருக்கும் அனுப்பினோம்.

இரு நோன்புகளையும் முடித்த மூதாட்டி ஒருவர், மறுநாள் காலை பேரனை விட வந்தபோது கேட்டார்: “ஹஜ்ரத், இன்னைக்குத்தான் பிறை பத்துன்னு பள்ளியில சொன்னாங்களாமே? நான் நாஸ்டா சாப்பிட்டுட்டேனே!”

பிறை எட்டிலும் ஒன்பதிலும் நோன்பு நோற்று, பத்தைத் தவறவிட்டிருந்தார். பிழை நம்முடையது. மன்னிப்புக் கேட்பதைத் தவிர நம்மிடம் வேறு சொல் இல்லை.

அன்று மாலையே அம்மாணவருடன் அமர்ந்தோம். ஜாவாஸ்கிரிப்டில் தேதிகளைக் கையாள அவர் பயன்படுத்தியது டே.ஜேஎஸ் என்னும் சிறு நூலகம்; அளவு சுமார் 2 கிலோபைட்தான். அதன் மூலப் பகுதி ஆங்கில நாட்காட்டியை மட்டுமே அறியும். கூடுதல் திறன் வேண்டுமெனில் பிளக்இன் ஒன்றை எழுதி, ‘எக்ஸ்டெண்ட்’ என்னும் கட்டளையால் இணைக்க வேண்டும். மூல நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றத் தேவையில்லை. தேதிகளுக்குப் புதியதொரு செயல் கிடைத்துவிடும்.

மாணவர் எழுதிய பிளக்இன், உலாவியில் உள்ள உம்முல் குரா நாட்காட்டியிடம் தேதியைக் கேட்டுச் சொன்னது. அந்நாட்காட்டி தன் விதிப்படி சரியானதே. மக்காவில் சூரியன் மறையும் முன் அமாவாசைக் கணம் கடந்து, சூரியனுக்குப் பின் சந்திரன் மறைந்தால் மறுநாள் புதிய மாதம் என அது கணக்கிடும். கண்ணால் பிறை காண்பது அக்கணக்கில் இல்லை. நம் ஜமாஅத்தோ, பிறை கண்டு தலைமை காஜி அறிவிப்பதையே பின்பற்றுகிறது. ஒரு நாள் வேறுபாடு அங்கேதான் புகுந்தது.

ஆகவே பிளக்இன்னைத் திருத்தி எழுதினோம். ஒவ்வொரு மாதமும் அறிவிப்பு வந்தபின், முதல் பிறைக்குரிய ஆங்கிலத் தேதியைப் பட்டியலில் ஒரு வரியாக நாமே சேர்க்கிறோம். பிளக்இன் அத்தேதியிலிருந்து நாட்களை எண்ணிப் பிறையைச் சொல்கிறது. நமக்கு நாள் மஃரிபில் தொடங்குவதால், மஃரிபுக்குப் பின் ஒரு நாளைக் கூட்டச் செய்தோம். முதலில் அது கூடவே இல்லை. டே.ஜேஎஸ்ஸில் ஒரு தேதியுடன் நாளைக் கூட்டினால் பழைய தேதி மாறாது, புதிய தேதி ஒன்று பிறக்கும். அதை வாங்கி வைத்துக்கொள்ள நாம் மறந்திருந்தோம். இதைக் கண்டுபிடிக்கவே ஓர் இரவு சென்றது.

எல்லாவற்றையும் விட முக்கியமான வரி இறுதியில் சேர்ந்தது. 29 ஆம் நாளின் மஃரிபுக்குப் பின், பட்டியலில் அறிவிப்பு ஏறாதவரை பிளக்இன் எந்தத் தேதியையும் காட்டாது. “பிறை அறிவிப்புக்குக் காத்திருக்கிறோம்” என்று மட்டும் சொல்லும். மேகம் மறைத்தால் 30 ஆக நிறைவு செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்த மார்க்கத்தில், மாதம் 29 நாளா 30 நாளா என்பது அந்த மாலைக்கு முன் நம் கையில் இல்லை.

கணக்கு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. தொழுகை நேரங்களையே கணக்கிட்டுத்தான் சுவரில் மாட்டியிருக்கிறோம். ஆனால் ஒரு வீட்டாரின் நோன்பு நம் அறிவிப்பைச் சார்ந்திருக்கும்போது, அத்தேதி எங்கிருந்து வருகிறது என்று கேட்டறிவது நம் மீதுள்ள அமானிதம். தெரியாதபோது தெரியாது என்று சொல்வது ஆலிமுக்கு அழகு என மாணவர்களுக்குப் போதிக்கிறோம். அதை ஒரு நிரலுக்குக் கற்பிக்கும்போதுதான், முதலில் கற்க வேண்டியவர் நாமே என உணர்ந்தோம்.

அம்மூதாட்டி இப்போது நம் அறிவிப்பைக் கண்டாலும் பள்ளிவாசலில் ஒருமுறை கேட்டுக்கொள்கிறார். அதுவே சரி என்று அவரிடம் சொல்லியிருக்கிறோம். வல்ல அல்லாஹ் நம் பிழைகளைப் பொறுத்து, அவரது நோன்புகளை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.