சிவப்பு மையும் தெங்கிரி மீனும்



அண்மையில் பழைய பெட்டியொன்றைத் துப்புரவு செய்தபோது, 2007இல் நான் வைத்திருந்த மதிப்பெண் குறிப்பேடு கிடைத்தது. அதில் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனின் பெயருக்கு எதிரே, பத்துக்கு நான்கு என்றும் ‘சொல்லாட்சி போதாது’ என்றும் எழுதியிருந்தேன். அந்த நான்கு மதிப்பெண்ணைப் பற்றியே இன்று எழுதுகிறேன்.

‘நான் சென்ற உல்லாசப் பயணம்’ என்பது அன்றைய தலைப்பு. பெரும்பாலோர் கேமரன் மலைக்கும் பத்துமலைக்கும் சென்று வந்திருந்தனர். அவன் மட்டும், தந்தையுடன் லுமுட்டிலிருந்து படகேறித் தெங்கிரி பிடித்ததை எழுதியிருந்தான். நான் மூன்று இடங்களில் சிவப்பு மையைத் தொட்டேன். ‘தெங்கிரி’யை அடித்து ‘வஞ்சிரம்’ என்று எழுதினேன். ‘தூண்டிலில் கம்பி கட்டினோம்’ என்பதில் கம்பியை நரம்பாக மாற்றினேன். ‘மீனைப் போட்டு மீனைப் பிடித்தோம்’ என்ற வரியின் ஓரத்தில் ‘பொருள் தெளிவில்லை’ எனக் குறித்தேன். அதன்பின் அவன் எழுதிய எந்தக் கட்டுரையும் அரைப் பக்கத்தைத் தாண்டவில்லை. சோம்பல் என்றே எண்ணினேன்.

தேர்ச்சி அறிக்கை பெற வந்த அவனுடைய தந்தையிடமும் அப்படியே கூறினேன். அவர் வாகனப் பட்டறையில் பணிபுரிபவர். மறுத்துப் பேசவில்லை. “ஒரு நாள் எங்ககூடக் கடலுக்கு வாங்க சார்” என்று மட்டும் அழைத்தார். ஜூன் விடுமுறையில் சென்றேன்.

படகில் முதலில் நடந்தது இரை பிடிக்கும் வேலை. சிறு முட்கள் வரிசையாகக் கட்டி, மினுமினுக்கும் இழைகள் சுற்றிய நரம்பை இங்குள்ள தூண்டில்காரர்கள் ‘அப்போலோ’ என்பார்கள். அதை இறக்கி ஏற்றினால் கெம்போங் மீன்கள் மூன்று நான்காகத் தொங்கும். அவற்றைச் சாகவிடாமல் நீர்த்தொட்டியில் விட்டார்கள். பிறகு அவன் ஒரு கெம்போங்கை எடுத்து, ஒரு முள்ளை மூக்கிலும் மற்றொன்றை வாலருகிலும் கோத்தான்.

“எதற்கு இரண்டு?” என்றேன்.

“அது வாலைத்தான் சார் முதல்ல வெட்டும். ஒரு முள்ளு மட்டும் போட்டா, பாதி மீன்தான் திரும்பி வரும்.”

முள்ளுக்கு மேலே ஒரு முழ நீளத்திற்கு எஃகுக் கம்பி இருந்தது. கம்பி நீரில் மின்னினால் மீன் அஞ்சி விலகாதா என்று நான் வாதிட்டேன். தந்தை சிரித்துக்கொண்டே என் தூண்டிலுக்கு மட்டும் வெறும் நரம்பைக் கட்டிக் கொடுத்தார். இரையைக் கொண்ட நரம்பை நீரோட்டத்தோடு மிதக்க விட்டோம். அரைமணி நேரத்தில் என் ரீல் அலறியது. அடுத்த கணமே நரம்பு தளர்ந்தது. இழுத்துப் பார்த்தேன், கத்தியால் நறுக்கியதுபோல் முனை அறுந்திருந்தது. பையன் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அவனுடைய தூண்டிலில் சிக்கிய மீன் முதல் ஓட்டத்திலேயே நெடுந்தொலைவு நரம்பை உருவிச் சென்றது. அவன் ரீலை இறுக்கவில்லை. ஓடவிட்டுக் களைத்தபின் சுற்றினான். மேலேறியது ஏறத்தாழ ஐந்து கிலோ தெங்கிரி. வெள்ளி உடலில் நெளிநெளியான குறுக்குக் கோடுகள். தாடையில் முக்கோண வடிவான கூரிய பற்கள். கோடுகள் இருந்தால் ‘தெங்கிரி பாத்தாங்’, புள்ளிகள் இருந்தால் ‘தெங்கிரி பாப்பான்’ என்று அவன் எனக்குப் பாடம் நடத்தினான். வகுப்பில் அவன் இத்தனை வாக்கியங்கள் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

வீடு திரும்பிய பின் நூல்களைப் புரட்டினேன். அந்த மீனுக்குக் காற்றுப்பை கிடையாது என்று அறிந்தேன். கெம்போங், தமிழகத்தில் கானாங்கெளுத்தி. அறிவியலில் அதன் பெயர் ‘ராஸ்ட்ரெல்லிகர் கனகுர்த்தா’. ‘கனகுர்த்தா’ என்பது விசாகப்பட்டினத்தில் வழங்கிய பெயர். பேட்ரிக் ரசல் 1803இல் வெளியிட்ட மீன் நூலில் அதைப் பதிவு செய்தார். குவியே 1816இல் அதையே அறிவியல் பெயராக ஏற்றார். கடலோர மக்களின் வாய்ச்சொல்லை அறிவியல் ஏற்றுக்கொண்டது. பத்து வயதுப் பையனின் சொல்லை நான் அடித்தேன்.

பள்ளி திறந்த முதல் நாள், அவனுடைய ஏட்டைக் கேட்டு வாங்கி என் மூன்று திருத்தங்களையும் நானே அடித்தேன். ‘தெங்கிரி என்பது நம் நாட்டு வழக்கு, தமிழகத்தில் வஞ்சிரம், இலங்கையில் அறுக்குளா’ என்று கீழே எழுதினேன். வஞ்சிரத்தைக் கற்பிக்கக் கூடாது என்பதன்று. தெங்கிரிக்குப் பக்கத்தில் வைத்துக் கற்பித்திருக்க வேண்டும். அவனுடைய அடுத்த கட்டுரை ஒன்றரைப் பக்கம் வந்தது. அதிலும் ஒற்றுப்பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்தினேன், அது என் கடமை.

பெற்றோர்களே, உங்கள் தொழிலின் சொற்களைப் பிள்ளைகளிடம் தயங்காமல் பேசுங்கள். ஆசிரிய நண்பர்களே, அறியாத சொல் ஏட்டில் வந்தால், அடிப்பதற்கு முன் பிள்ளையை அழைத்து ஒருமுறை கேளுங்கள்.

ஏட்டைத் திருத்திய நான், குறிப்பேட்டைத் திருத்த மறந்துவிட்டேன். அதில் இன்னமும் பத்துக்கு நான்கு என்றே இருக்கிறது.