மாஸ்டர் உட்கார்ந்து சாப்பிட்ட நாள்

"நாலு மணிக்கே வந்துருங்க தம்பி" என்றார் மாஸ்டர். பணி ஓய்வு பெறுகிற நாளிலுமா என்று கேட்டேன். "அப்புறம் முதல் ஷிப்ட்டுக்கு யாருங்க டீ போடறது?"

கோவையில் பம்ப்செட் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் கேன்டீன். உள்ளே நுழைந்ததுமே ஆவியில் என் மூக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. துடைத்துப் போட்டுப் பார்த்தால், அண்டாவுக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். பருப்பு வேகும் சத்தத்தைக் கேட்கிறாராம். முதலில் தளதளவென்று கொதிக்கும். பருப்பு மலர்ந்து கெட்டிப்பட்டதும் கொப்புளம் ஒவ்வொன்றாகத் 'தொப், தொப்' என்று வெடிக்கும். அப்போதே தீயைத் தணித்துவிட வேண்டும். 400 பேருக்கான சாம்பார் அடிபிடித்துவிட்டால் எவ்வளவு பெருங்காயம் போட்டாலும் அந்த வாடை போகாது. அவருடைய வலது முன்கையில் முடியே இல்லை, ஆவி தின்றுவிட்டது.

நூறு பேருக்கு 12 கிலோ அரிசி, மூன்றரை கிலோ துவரம்பருப்பு என்பது அவர் கணக்கு. அதை யாரும் கற்றுக்கொள்ளலாம். இன்றைக்கு எத்தனை பேர் சாப்பிட வருவார்கள் என்பதுதான் வித்தை. டோக்கன் எண்ணிக்கை வருவதற்குள் உலை வைத்தாக வேண்டும். சம்பளம் போட்ட மறுநாள் பாதிப் பையன்கள் பிரியாணிக் கடைக்குப் போய்விடுவார்கள். புரட்டாசி பிறந்தால் முட்டை தேங்கும். கார்த்திகையில் மாலை போட்டவர்களுக்குத் தனிப் பாத்திரம். பவுண்டரிக்குப் போகும் மோரில் மட்டும் உப்பு ஒரு பிடி கூடுதல். உருக்கிய இரும்புக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு வேர்வையில் போகும் உப்பு திரும்ப வேண்டுமே. இதெல்லாம் எந்த நோட்டிலும் இல்லை.

1948-இல் வந்த தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன் வைக்கச் சொல்ல அரசுக்கு 46-ஆம் பிரிவில் அதிகாரம் தந்தது. ஆனால் அங்கே சமைப்பவர் யாருடைய ஆள் என்ற வழக்கு வெகுகாலம் நடந்தது. சட்டப்படி நடத்தியாக வேண்டிய ரயில்வே கேன்டீன்களின் தொழிலாளர்கள் ரயில்வே ஊழியர்களே என்று உச்ச நீதிமன்றம் 1990-இல் சொன்னது. மாஸ்டர் எடுபிடியாக இங்கே சேர்ந்ததும் அந்த வருடம்தான். இன்று கேன்டீனில் கம்பெனியின் நேரடிச் சம்பளப் பட்டியலில் இருக்கும் கடைசி ஆள் அவர். மற்றவர்கள் எல்லோரும் கான்ட்ராக்ட். 35 வருடத்துக்கு, வருடத்துக்கு 15 நாள் வீதம் பணிக்கொடை. மாதத்தை 26 நாளாக வைத்து வகுத்தால் சுமார் 20 மாதச் சம்பளம். அதே அடுப்பில் வேகும் கான்ட்ராக்ட் பையன்களில் எத்தனை பேர் பணிக்கொடைக்கான ஐந்து வருடத்தை ஒரே ஒப்பந்தக்காரரிடம் தாண்டுவார்கள் என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. விழா மேடையில் அதை யார் பேசப்போகிறார்கள்? சால்வை போர்த்தினார்கள், குத்துவிளக்கு கொடுத்தார்கள், 'அன்னமிட்ட கை' என்று மூன்று பேர் சொன்னார்கள்.

பிறகு அவரைப் பந்தியில் உட்கார வைத்தார்கள். அந்தப் பெஞ்சில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லையாம். கடைசி ஆள் கை கழுவிய பிறகு சமையல்கட்டில் நின்றபடியே ஒரு தட்டு, அவ்வளவுதான். இலையில் சாதம் விழுந்ததும் இரண்டு பருக்கைகளை விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்தார். சாம்பார் ஊற்றிய பையன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வாளியோடு நின்றான்.

"புளி முந்துது" என்றார் மெதுவாக. "பரவால்ல, சாப்பிடலாம்."

பாயசம் வரும்போது அதே பையன் குனிந்து காதோரம் கேட்டான்: "நாளைக்கு எவ்வளவுங்ணா வைக்கறது?"

மாஸ்டர் சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியைக்கூடப் பார்க்கவில்லை. "நாளைக்கு அமாவாசை சாமி. முட்டையில அம்பது குறைச்சுக்கோ."