இமை அசையாத பத்து நிமிஷம்

கையில் கேமரா கிடைத்ததும் எல்லாரும் செய்வது ஒன்றுதான். டயலை ஆட்டோவில் வைத்து, கொஞ்சம் இருட்டினால் உடனே பிளாஷ்! பாண்டிச்சேரிக்காரர்களுக்கு ஒரு பழைய கதை சொன்னால் இந்தப் பழக்கம் குறையலாம்.

1950 ஏப்ரல். இங்கே இன்னும் பிரெஞ்சு ஆட்சி. போட்டோகிராபர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் ஆசிரமத்துக்கு வந்தார். அரவிந்தர் 1926-லிருந்தே தனிமையில். வருஷத்தில் சில தரிசன நாட்கள் மட்டும் பார்க்கலாம். படமெடுக்க பல வருஷமாக அனுமதியே இல்லை. கார்த்தியேவுக்கு அறைக்குள் கிடைத்தது பத்து நிமிஷம்.

அவர் வழக்கமாக வைத்திருப்பது லைக்கா, 50 மிமீ லென்ஸ். பிளாஷ் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. சரி, வீட்டுக்குள் வெளிச்சத்துக்கு எங்கே போவது?

நம்ம பி.காம். மக்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இது டபுள் என்ட்ரி கணக்கு. ஒரு பக்கம் எடுத்தால் இன்னொரு பக்கம் கொடுத்தாக வேண்டும். மொத்தம் மூன்று கணக்கு. பிலிமின் வேகம் (இன்றைய ஐஎஸ்ஓ) ரோலை மாட்டும்போதே முடிவாகிவிடும். மிச்சம் இரண்டு. அபெர்ச்சரை அகலத் திறந்தால் வெளிச்சம் வரும், ஆனால் ஆழம் போய்விடும்: கண் பளிச்சென்று இருக்க, காது மங்கும். ஷட்டரை மெதுவாக்கினால் கை நடுக்கம் படத்தில் ஏறும். 50 மிமீ லென்ஸுக்கு 1/50 விநாடிக்குக் கீழே போகாதே என்பது கையில் பிடித்து எடுப்பவர்களின் பழைய விதி. கை நின்றாலும் எதிரில் இருப்பவர் அசைந்தால் அவ்வளவுதான். அங்கேதான் கார்த்தியேவுக்கு அதிர்ஷ்டம். அந்தப் பத்து நிமிஷமும் அரவிந்தர் கண் இமைக்கவே இல்லை என்று அவரே பிறகு எழுதினார். ஷட்டர் கணக்கில் பாதியை உட்கார்ந்திருந்தவரே கட்டிவிட்டார்!

அதே வருஷம் டிசம்பர் 5-ல் அரவிந்தர் காலமானார். படங்கள் மங்கியிருந்தால் இன்னொரு வாய்ப்பு கிடையாது.

இன்று எஃப் 1.8 திறப்புள்ள 50 மிமீ லென்ஸ்தான் மாணவர்கள் முதலில் வாங்குவது. கிட் லென்ஸின் 3.5-ஐவிட கிட்டத்தட்ட 4 மடங்கு வெளிச்சம். ஆனால் லைக்காவின் 50-ம் இதுவும் ஒன்றல்ல. விலை குறைந்த கேமராக்களில் சென்சார் சின்னது. அதில் 50 மிமீ, 75 அல்லது 80 மாதிரி குறுகிப் பார்க்கும். பிரெஞ்சுத் தெருவில் ஒரு முழுக் கதவை எடுக்கப் பின்னால் போய்ப் பாருங்கள், முதுகு எதிர்வீட்டுச் சுவரில் இடிக்கும். அந்த வெள்ளைச் சுவர் வேறு மீட்டரை ஏமாற்றும். சுவர் சாம்பலாக விழும். ஒரு ஸ்டாப் கூட்டி எடுங்கள்.