506 இல் ஏறினால் தெரியும் ரொறன்ரோ

ரொறன்ரோவுக்கு வரும் விருந்தினர்களுக்கென்று எங்கள் சனம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. முதலில் சீஎன் கோபுரம், அடுத்தது நயாகரா, பிறகு ஆயிரம் தீவுகள், வெள்ளிக்கிழமை என்றால் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில். புறப்படுவதற்கு முதல்நாள் கொஸ்கோவில் சொக்கிலேற். எல்லாம் பார்க்கவேண்டியவைதான். ஆனால் 553 மீற்றர் கோபுரத்தில் ஏறி நின்றால் ஏரி தெரியும், நெடுஞ்சாலை தெரியும், தூரத்து விமானம்கூடத் தெரியும். மனிதர் மட்டும் தெரியமாட்டார்கள். அதனால் என்னிடம் வருபவர்களை நான் 506 ஆம் இலக்க ஸ்ரீட்காரில் ஏற்றிவிடுவேன்.

எங்கள் சனம் நிறைந்த கிழக்கு ஸ்காபரோவிலிருந்து சப்வேயில் வந்து மெயின் ஸ்ரீட் நிலையத்தில் இறங்கினால், அங்கேயே இந்த வண்டி புறப்படுகிறது. ஜெராட், கால்ட்டன், கொலிஜ் என்று வீதி வீதியாக நகரத்தின் வயிற்றை ஊடறுத்து மேற்கே ஹை பார்க் வரை போகும். பிரஸ்ரோ அட்டையில் 3 டாலர் 30 சதம். 2018 இலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை தரம் வேண்டுமானாலும் இறங்கி ஏறலாம். தண்டவாள வேலை நடக்கிறதென்று பாதையை மாற்றிவிடுவது நகரப் போக்குவரத்து நிறுவனமான ரீரீசியின் நித்திய வழக்கம். புறப்பட முன்னம் அதையும் ஒருக்கால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொக்ஸ்வெல் திருப்பம் தாண்டியதும் வருவது இந்தியன் பசார். சேலைக்கடை, நகைக்கடை, பீடாக்கடை, சோளம் சுட்டு விற்கும் தள்ளுவண்டி. இவ்வளவுக்கும் தொடக்கம் ஒரு தியேட்டர். 1972 இல் ஜியான் நாஸ் என்பவர் இங்கே பழைய கொட்டகையொன்றை எடுத்து ஹிந்திப் படம் ஓட்டத் தொடங்கினார். படம் பார்க்கத் தூரத்து ஊர்களிலிருந்து காரில் வந்த குடும்பங்களுக்கு இடைவேளையில் பசித்தது, திரும்பும்போது பருப்பும் மசாலாத் தூளும் தேவைப்பட்டன. கடைகள் அந்தப் பசியைச் சுற்றி முளைத்தன. வீடியோ கசெற் வந்தது, தியேட்டர் படுத்துவிட்டது, கடைகள் நிலைத்துவிட்டன. இங்கே வியாபாரம் செய்தவர்களில் பெரும்பாலானோர் இந்த வீதியில் குடியிருந்ததேயில்லை. வாங்க வந்தவர்களும் அப்படியே. பெரும்பாலானோர் குடியிருக்காத வீதி ஒன்றும் ஒரு சமூகத்தின் முகவரியாக முடியும் என்று எனக்குக் காட்டித் தந்த இடம் இதுதான்.

கொஞ்சம் தள்ளி, புரோட்வியூ சந்திக்குக் கிட்ட, கிழக்குச் சைனாரவுன். ரொறன்ரோவின் முதல் சைனாரவுன் இருந்தது எலிசபெத் வீதிப் பக்கம். 1965 இல் திறந்த புதிய நகர மண்டபத்துக்காகவும் அதன் சதுக்கத்துக்காகவும் அந்தச் சைனாரவுனின் பெரும்பகுதியை இடித்தார்கள். மிச்சத்துக்கும் ஆபத்து வந்தபோது ஜீன் லம் என்ற பெண்மணி முன்னின்று போராடினார். அதற்கிடையில் சனம் ஸ்பெடைனா வீதிக்குப் பெயர்ந்துவிட்டது. அங்கே வாடகை ஏறியதும் ஒரு பகுதியினர் எழுபதுகளில் கிழக்கே இங்கே வந்தார்கள். பார்க்க வருபவர்கள் படம் எடுக்கும் இங்குள்ள அலங்கார வளைவு எழுந்தது 2009 இல். அதற்குள் முதலில் வந்தவர்களின் பிள்ளைகள் புறநகரங்களான மார்க்கத்திலும் றிச்மண்ட் ஹில்லிலும் வீடு வாங்கிவிட்டார்கள்.

பார்லிமென்ற் வீதியில் இறங்கி வடக்கே நடந்தால் செயின்ற் ஜேம்ஸ் ரவுன். அறுபதுகளில் எழும்பிய அடுக்குமாடிக் கூட்டம். 1983 யூலை இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்திறங்கிய எங்கள் பொடியளில் பலருக்குக் கனடா என்றால் முதலில் இந்தக் கட்டடங்கள்தான். ஒரு படுக்கையறை வீட்டில் முறைவைத்துப் படுத்து, இரவில் நகர மத்தி உணவகங்களில் கோப்பை கழுவி, பகலில் அகதிக் கோரிக்கைக்கு அலைந்தார்கள். பிறகு மனைவி பிள்ளைகள் வந்தார்கள், அம்மா அப்பா வந்தார்கள்; அறைகள் போதவில்லை. கிழக்கே ஸ்காபரோவில் வாடகை குறைவு. அங்கிருந்து கையில் காசு சேர்ந்தவர்கள் மார்க்கத்துக்கும் ஏஜெக்ஸுக்கும் போனார்கள். இன்றைக்கு இந்த மாடிகளின் மின்தூக்கியில் பிலிப்பினோவும் நேபாளியும் கேட்கும். தமிழும் இன்னும் கேட்கும்.

ஊரிலிருந்து வந்த சித்தப்பாவை இதே வண்டியில் கூட்டிப்போனேன். சுன்னாகத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கோபுரங்கள் அவரை அசைக்கவில்லை, எங்கே இறங்கினாலும் ஒரே கேள்விதான்: "தம்பி, இந்தக் கடைக்கு வாடகை என்ன வரும்?"

அவர் வாய் திறந்து ரசித்த இடம் கென்சிங்ரன் மார்க்கெற். ஸ்பெடைனாவுக்கு மேற்கே நாலைந்து ஒடுங்கிய தெருக்கள். எல்லாம் குடியிருப்பதற்கென்று கட்டிய விக்டோரியா காலத்துச் சிறு வீடுகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள், வீட்டின் முன்முற்றத்தில் பலகை போட்டுச் சாமான் பரப்பினார்கள். பிறகு முற்றத்துக்குக் கூரை போட்டார்கள். அதன் பிறகு சுவர் வைத்தார்கள். ஆகவே இப்போதும் கடைக்குள் நுழைந்தால் முன்பாதி புதுக்கட்டடமாகவும் பின்பாதி பழைய வரவேற்பறையாகவும் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு படி இடறும். மேல்மாடியில் யாரோ குடியிருப்பார்கள், உடுப்புக் காயும். யூதர்கள் பதேர்ஸ்ற் வீதி வழியே வடக்கே போனதும் போர்த்துக்கீசர் வந்தார்கள், ஹங்கேரியர் வந்தார்கள், கரீபியன் தீவுகளிலிருந்து வந்தார்கள், தென்னமெரிக்கர் வந்தார்கள். பழைய யூத தேவாலயங்கள் இரண்டு மட்டும் போகாமல் அங்கேயே நிற்கின்றன. 2006 இல் இந்தக் குறிச்சியையே தேசிய வரலாற்றுத் தலமாகக் கனடா அறிவித்தது. கோட்டையோ மாளிகையோ இல்லை, காய்கறியும் பழைய உடுப்பும் விற்கும் தெருக்கள்.

பால்ட்வின் வீதி மீன்கடையில் சித்தப்பா செவுளைத் தூக்கிப் பார்த்தார். கருவாட்டைப் போல வெள்ளையாக உப்புப் பூத்திருந்த கொட் மீனைத் தட்டிப் பார்த்தார். பக்கத்துப் பெட்டியில் கிடந்த கரீபியன் மிளகாயை முகர்ந்துவிட்டு, "எங்கடை கொச்சிக்காயை விடக் குண்டு, வாசமும் வேறை" என்று திரும்ப வைத்தார். பலகையில் ஒரு போர்த்துக்கீசப் பெயர். காசுப்பெட்டிக்குப் பின்னால் ஒரு சீன மனிதர். தேசிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தது ஒரு சோமாலியப் பெண். வெளியே வந்து நின்று சொன்னார்: "பெயர் ஒருத்தன்ரை, இருக்கிறது இன்னொருத்தன், வாங்கிறது மூண்டாவது ஆள். இது நல்ல கடையடா."

அவர் கடையைச் சொன்னார்; எனக்கு நகரமே அப்படித்தான் பட்டது.

திரும்ப வண்டி ஏறினால் கொலிஜ் வீதியில் லிற்றில் இத்தாலி. 1966 இல் ஜொனி லொம்பார்டி இங்கேதான் சின் வானொலியைத் தொடக்கினார். பல மொழிகளில் ஒலிபரப்பு என்பது இந்த நகரத்துக்கு அப்படிப் பழகியது. இத்தாலியர் செயின்ற் கிளேயருக்கும் பிறகு வூட்பிரிட்ஜுக்கும் போய்ப் பல காலம். எஸ்பிரெசோக் கடைகள் இருக்கின்றன. உலகக் கிண்ணக் காலத்தில் மட்டும் ஆட்கள் கொடியோடு திரும்பி வந்து வீதியை மறிப்பார்கள். கடைசித் தரிப்பான ஹை பார்க்கில், 1959 இல் தோக்கியோ மக்கள் கொடுத்த செர்ரி மரங்கள் ஏப்ரல் முடிவில் பூக்கும். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு இடம்பெயர்ந்து வந்த ஜப்பானியக் கனடியர்களை இந்நகரம் ஏற்றுக்கொண்டதற்கு நன்றியாக வந்த மரங்கள் அவை.

இவ்வளவும் பார்த்துவிட்டு ஸ்காபரோவுக்குத் திரும்பினால்தான் எங்கள் கடைகளே எனக்குச் சரியாகத் தெரிகின்றன. அழகில் அவை ஒன்றுமில்லை. அகன்ற கார்த் தரிப்பிடம், அதைச் சுற்றி ஒற்றை மாடியில் வரிசைக் கடைகள். ஐம்பது அறுபதுகளில் காரோடு வாழப்போகும் குடும்பங்களுக்கென்று கட்டிய பிளாசாக்கள். பெரிய அங்காடிகள் வந்து இவற்றை அடித்துப்போட்டதும் வாடகை இறங்கியது. இறங்கிய வாடகையில் நாங்கள் ஏறினோம். ஒரே வரிசையில் சாப்பாட்டுக் கடை, நகைக்கடை, கணக்காளர், பல்வைத்தியர், நடன வகுப்பு.

சனிக்கிழமை பதினொரு மணிக்குப் போய் வரிசையில் நின்று பாருங்கள். "ஐம்பது இடியப்பம்" என்றால், "வெள்ளையோ சிவப்போ?" என்று தலை நிமிராமல் கேட்பார்கள். பெட்டிக்குள் தாள் விரித்து அடுக்கி, சம்பலைச் சின்ன டப்பாவிலும் சொதியைப் பெரிய டப்பாவிலும் மூடி, பை முடிச்சுப் போடும்போது "சொதி காணுமோ?" என்று இன்னொரு கேள்வி. முன்னால் நிற்பவர் மார்க்கத்திலிருந்து வந்தவர். அவருக்குப் பின்னால் ஏஜெக்ஸ் குடும்பம். ஸ்காபரோவை விட்டுப் போனவர்கள் வாரமுடிவில் காரில் வந்து ஸ்காபரோவை வாங்கிப் போகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வேலை முடிந்து சீருடையோடு வந்த பிலிப்பினோத் தாதி. மட்டன் ரோல்ஸ் எத்தனை, உறைப்பு எவ்வளவு என்று சரியாகச் சொல்கிறார். அடுத்த கதவு இறைச்சிக் கடையில் ஜமெய்க்காக்காரர் ஒருவர் ஆட்டை எலும்போடு வெட்டச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆட்டுக்கறியில் அவர்களும் நாங்களும் ஒரு கட்சி.

அதாவது, மற்ற எல்லாரும் போன பாதையில்தான் நாங்களும் போய்க்கொண்டிருக்கிறோம். ஆட்கள் முதலில் போவார்கள், கடைகள் ஒரு தலைமுறை பிந்திப் போகும். இதில் அழ ஒன்றுமில்லை. அவ்வப்போது எங்கள் கூட்டங்களில் ஒரு யோசனை எழும்: ஸ்காபரோவில் ஒரு தெருவுக்குச் 'சின்ன யாழ்ப்பாணம்' என்று பெயர் வைத்து ஒரு வளைவு கட்டவேண்டும். டான்ஃபோர்த்தின் வீதிப் பலகைகளில் கிரேக்க எழுத்து இருக்கிறது. ஆனால் கிரேக்கக் குடும்பங்கள் பெருமளவு வேறிடம் போய்விட்டன. இந்த நகரத்தில் வளைவும் பலகையும் எழும்புவது, ஆட்கள் புறப்படத் தொடங்கிய பிறகுதான்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை வாடகை. ரயில் பாதையும் நெடுமாடித் திட்டமும் வரும் பக்கமெல்லாம் பழைய பிளாசாக்களுக்கு இடிப்பு விண்ணப்பம் வருகிறது. கீழே கடைகள் வைத்துத்தான் கட்டப்போகிறார்கள். ஆனால் அந்த வாடகையை வங்கியும் கோப்பிச் சங்கிலியும்தான் கொடுக்கும், இடியப்பக் கடை கொடுக்காது. நாளைக்கு எத்தியோப்பியாவிலிருந்தோ ஆப்கானிஸ்தானிலிருந்தோ வந்திறங்குபவர் எங்கே கடை திறப்பார்? கென்சிங்ரனில் ஊரவர்கள் சேர்ந்து சமூக நில அறக்கட்டளை ஒன்றை அமைத்து, 2021 இல் நகரசபையின் பண உதவியோடு ஒரு கட்டடத்தை வாங்கினார்கள், வாடகை கைமீறிப் போகாமலிருக்க. எங்கள் சனத்திடம் காசும் இருக்கிறது, சங்கங்களுக்கும் குறைவில்லை. வளைவுக்கு நிதி சேர்ப்பதானால், அந்தக் காசில் ஒரு பிளாசாவை வாங்குவோம். பலகையில் எங்கள் பெயர் இருக்கட்டும், உள்ளே யார் வேண்டுமானாலும் வியாபாரம் செய்யட்டும்.