சோதனைச் சாவடிக்குக் கீழே

பாபநாசம் வனச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து காட்டினால்தான் மேலே விடுவார்கள். ஷாம்பு பாக்கெட், சோப்பு, பிளாஸ்டிக் பை எல்லாம் அங்கேயே நின்றுவிடும். லீவு நாளில் வேன்கள் வரிசை கட்டும். விருதுநகர், மதுரைப் பக்கத்திலிருந்து விடியக்காலையில் கிளம்பி வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். எனக்கு அந்தச் சோதனையில் குறை இல்லை. களக்காடு-முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். கெடுபிடி இருக்கத்தான் வேண்டும். தாமிரபரணிக்கு இருக்கிற கெடுபிடி எல்லாம் அந்த ஒரு சாவடியோடு முடிந்துவிடுகிறதே என்பதுதான் என் குறை. சாவடி மலையில் இருக்கிறது, சாக்கடை ஊரில் இருக்கிறது.

ஆறு பிறக்கிற பொதிகை உச்சிக்கு நடந்து போக ஆசைப்படுகிறவர்கள் இப்போது கேரளாவைச் சுற்றித்தான் போக வேண்டும். திருவனந்தபுரம் பக்கம் போனக்காட்டிலிருந்து, தை, மாசி வாக்கில், முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு. நம் பக்கத்தில் காரையாறு அணைக்கட்டோடு பாதை நின்றுவிடும். முன்பு அணையில் படகேறிப் பாணதீர்த்தத்தில் குளித்துவிட்டு வந்த கதையை எங்கள் ஊரில் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம். காரையாற்றுக்குப் போகிற வழியில் இருக்கிற சொரிமுத்து அய்யனார் கோயில்தான் எங்களுக்கு ஆற்றின் தலைவாசல். ஆடி அமாவாசைத் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே வீட்டில் லாரி பேசுவார்கள். ஓலை, கம்பு, விறகு, அண்டா, அரிசி, நேர்ந்துவிட்ட கிடா, அதற்கும் மேலே நாங்கள். கோயிலுக்கு எதிர்க்கரையில் எங்கள் குடும்பத்துக்கு என்று பரம்பரையாக ஒரு இடம். அங்கே குடில் போட முழங்கால் தண்ணீரில் ஆற்றைக் கடக்க வேண்டும். தலையில் அண்டாவோடு போகிற பெரியப்பா கால் பாவுகிற கல்லில்தான் நாங்களும் கால் வைப்போம். பாசிக் கல்லில் வைத்தவன் கதி அன்று இரவு முழுக்கக் குடிலுக்குக் குடில் சிரிப்பாகச் சுற்றும்.

ஆடிச் சாரல் விடாமல் பொசுபொசுவென்று விழும். குடிலுக்குள் புகை, வெளியே அட்டை. இரவில் சங்கிலி பூதத்தாருக்கு ஆடுகிறவர்கள் இரும்புச் சங்கிலியால் முதுகில் அடித்துக்கொள்ளும் சத்தம் ஆற்றிரைச்சலையும் மீறிக் கேட்கும். பட்டவராயன் சன்னதியில் தோல் செருப்பு காணிக்கை. போன வருஷம் கட்டின செருப்பு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கவே ஒரு கூட்டம் நிற்கும்; சாமி போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வந்ததற்கு அதுதான் சாட்சி. சிங்கம்பட்டி ஜமீன் முருகதாஸ் தீர்த்தபதி, 2020இல் அவர் மறையும் வரை, ராஜ உடையில் வந்து அமர்வார். ஜமீன் ஒழிந்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தாலும் அந்த ஓர் இரவுக்கு அவர் ராஜாதான்.

தாத்தா கரையோரம் ஒரு குச்சியை ஊன்றி வைத்திருப்பார். அரிக்கேன் விளக்கோடு போய் அடிக்கடி பார்ப்பார். தண்ணீர் குச்சியைத் தொட்டு, சருகும் சுள்ளியும் மிதந்து வந்து, நிறமும் கலங்கினால் மேலே மழை என்று அர்த்தம். யாரையும் கேட்காமல் அடுப்பைப் பிரித்துக்கொண்டு மேட்டுக்கு ஏற வேண்டியதுதான். ஆற்றைப் படிக்கக் குச்சி போதும், அதைப் பார்க்க ஆள்தான் வேண்டும்.

ஆச்சிக்கு வேறொரு கண்டிப்பு. குளிக்கும்போது வாய் கொப்பளித்துத் தண்ணீருக்குள் துப்பினால் கரையிலிருந்தே சத்தம் போடுவாள். "ஏலே, ஆத்துல துப்பாத. கீழூர்க்காரன் குடிக்கிற தண்ணிலா அது." எங்கள் மேலூர் உரிமைக்கும் கடமைக்கும் அவளிடம் இருந்த சட்டம் அவ்வளவுதான். மூன்றாம் நாள் குடிலைப் பிரித்துவிட்டு வரும்போது அந்த இடத்தில் கரிந்த அடுப்புக் கல்லும் வாழை இலையும் மட்டும் கிடக்கும். இலை அடுத்த மழையில் மக்கிவிடும்.

பிறகு பிளாஸ்டிக் வந்தது. குடங்கள், தண்ணீர் பாக்கெட், தெர்மாகோல் தட்டு எல்லாம் லாரி லாரியாக மேலே போயின, ஆட்கள் மட்டும் கீழே திரும்பினார்கள். இன்றைக்குத் தனியார் வண்டிக்கும் குடில் போடும் நாளுக்கும் கட்டுப்பாடு என்றால் வனத்துறையை மட்டும் ஏசிப் பயனில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவனைச் சோதிக்கிற அரசு, வருஷம் முழுக்க ஆற்றில் கழிவை விடுகிறவர்களை ஏன் சோதிப்பதில்லை?

பாபநாசம் படித்துறைக்கு வாருங்கள். பரிகாரம் செய்ய வருகிறவர்கள் உடுத்தியிருக்கும் துணியை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகிறார்கள். பாவம் தொலைகிறதோ என்னவோ, துணி தொலைவதில்லை. பாறை இடுக்கில் சிக்கி, சேறு பிடித்து, அடுத்தவர் காலைச் சுற்றுகிறது. தண்ணீருக்குள் இறங்கிக் கூடை கூடையாக வாரிப்போடுகிற தன்னார்வலர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். படித்துறையில் குளிக்க வருகிறவர்களுக்கு உடை மாற்ற நல்ல மறைப்பும், துணி போடப் பெரிய தொட்டியும், அதை அன்றன்றைக்கு எடுத்துப்போக ஒரு வண்டியும் வைத்தால் இதில் பாதி தீரும்.

அம்பாசமுத்திரத்துக்குக் கீழே இரு கரையும் வயலும் வாழையும். கடனா நதி வந்து சேருகிற திருப்புடைமருதூரில் வண்டியை நிறுத்தலாம். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்துக்குள் நிலைக்கு நிலை சுவரோவியமும் மரச் சிற்பமும். வெளியே மருத மரங்களில் நாரையும் கொக்கும். 2005இல் பறவைகள் காப்பகமாக அறிவித்தார்கள். வேலியை விட, ஊர்க்காரர்கள் சத்தம் போடாமல் இருப்பதுதான் பறவைகளுக்குக் காவல்.

சேரன்மாதேவி கடந்து திருநெல்வேலி. குறுக்குத்துறை முருகன் ஆற்றுக்குள்ளேயே குடியிருக்கிறார். வெள்ளம் வந்தால் உற்சவர் கரையேறுவார், மூலவர் மூழ்கிக் கிடப்பார். 1843இல் சுலோசன முதலியார் தன் பணத்தில் கட்டிய பாலம் இன்னும் பஸ்களைத் தாங்குகிறது. கொக்கிரகுளத்தில் 1987 முதல் மாவட்ட அறிவியல் மையம், பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுலாவுக்குத் தப்பாத இடம். அதே கொக்கிரகுளம் ஆற்றங்கரையில்தான் 1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்காக ஊர்வலம் வந்தவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தியது. 17 பேர் ஆற்றில் செத்தார்கள். மலைத்தோட்டத்தில் ஆரம்பித்த கூலிப் பிரச்சினை நகரத்து ஆற்றில் முடிந்தது. ஆண்டுதோறும் அந்நாளில் தண்ணீரில் மலர் தூவுகிறார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்கு அதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

அந்த ஆற்றில்தான் நகரின் சாக்கடையும் வந்து விழுகிறது. கறுப்புத் தண்ணீர் ஆற்றோடு சேருகிற இடத்தில் ஒரு பாலிதீன் பை சுழன்றுகொண்டே நிற்கும். பத்தடி தள்ளி ஒருவர் முங்கிக் குளிப்பார். வழக்கு நடந்து, 2024இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே நேரில் வந்து பார்க்க வேண்டியதாயிற்று. இத்தனைக்கும் கீழே தூத்துக்குடி மாவட்டம் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

மார்கழியில் நவ கைலாயத்துக்கும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நவ திருப்பதிக்கும் திருநெல்வேலியிலிருந்து அரசு சிறப்புப் பஸ் விடுவார்கள். பெரும்பாலான கோயில்கள் ஆற்றங்கரையில்தான். பாபநாசத்திலிருந்து சேர்ந்தபூமங்கலம் வரை ஒரே நாளில் ஆற்றோடு போக அதைவிட மலிவான வழி இல்லை.

ஆதிச்சநல்லூரை இந்தப் பாதையில் சேர்த்துக்கொள்ளலாம். 1876இல் ஜெர்மன்காரர் ஜாகோர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின. அலெக்சாண்டர் ரீ தோண்டியவை சென்னைக்குப் போயின. 2023 முதல் குழிகளின் மேல் கண்ணாடி பாவி, முதுமக்கள் தாழிகளை இருந்த இடத்திலேயே காட்டுகிறார்கள். காலடியில் ஒரு தாழி, அதற்குள் சின்னக் கலயம், எலும்பு. வெளியூர்ப் பிள்ளைகள் கண்ணாடியை மிதிக்கப் பயந்து ஓரமாக நடப்பார்கள். பக்கத்துச் சிவகளையில் கிடைத்த நெல்லுக்குச் சுமார் 3,200 ஆண்டு வயது என்று 2021இல் சட்டசபையில் அறிவித்தார்கள். இவற்றையெல்லாம் சேர்த்துக் காட்டத் திருநெல்வேலி ரெட்டியார்பட்டியில் ஆற்றின் பழம்பெயரில் பொருநை அருங்காட்சியகமும் எழும்பியிருக்கிறது. நல்ல காரியம்தான். நெல்லைக் கண்ணாடிக்குள் வைத்த கை அந்த நெல்லை விளைவித்த ஆற்றையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ஸ்ரீவைகுண்டம் கடைசி அணைக்கட்டு. 2023 டிசம்பர் 17 இரவு, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் அந்த ஸ்டேஷனில் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது. ஊர்க்காரர்கள்தான் சோறாக்கிக் கொடுத்தார்கள். மேலே குச்சி ஊன்றிப் பார்த்தவர்களின் அறிவு கீழே யாருக்கும் வந்து சேரவில்லை. ஆற்றை இடம் இடமாகப் பங்கு போட்டுப் பார்த்தால் அப்படித்தான் ஆகும்.

அப்புறம் ஆழ்வார்திருநகரி, கடல் விட்டு விலகிய கொற்கை, புன்னைக்காயல். அவ்வளவுதான் ஆறு.

அருவிக்கு வனத்துறை, கோயிலுக்கு அறநிலையத்துறை, தாழிக்குத் தொல்லியல் துறை, சாக்கடைக்கு உள்ளாட்சி என்று ஆளுக்கொரு துண்டு. ஒரு நாள் சுற்றுலா வருகிறவர்களும் அந்தத் துண்டுகளில்தான் இறங்கி ஏறுகிறார்கள். வண்டி நிறுத்த வாங்குகிற காசில் கழிப்பறையும் துணித்தொட்டியும் கட்டட்டும். நகரத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்யாமல் ஒரு சொட்டும் உள்ளே விடக்கூடாது என்ற கெடுபிடியை நெல்லையிலும் கொண்டுவரட்டும். ஷாம்பு பாக்கெட்டைப் பிடுங்குகிற அதிகாரம் அதற்குப் பிறகுதான் முழுசாக நியாயமாகும்.